புது டயர் போட்டால் வீல் அலைன்மென்ட் கட்டாயமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2019-இல் வாங்கிய மாருதி ஸ்விஃப்ட். ஷோரூமிலிருந்து வந்த டயர்களே 48,000 கிலோமீட்டர் ஓடின. நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. வண்டி எந்தப் பக்கமும் இழுத்ததில்லை. சென்ற மாதம் திண்டுக்கல்லில் ஒரு டயர் கடையில் நான்கையும் மாற்றினேன். "புது டயர் போட்டா அலைன்மென்ட் பண்ணியே ஆகணும் சார், இல்லேன்னா டயருக்கு வாரண்டி கிடைக்காது" என்றார்கள். இயந்திரத்தின் திரையில் சிவப்பாகத் தெரிந்த கட்டங்களைக் காட்டி, கேம்பரும், அதாவது சக்கரத்தின் சாய்வும், போய்விட்டது என்றார்கள். அலைன்மென்ட்டுக்கு 600 ரூபாய், கேம்பருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 1,200, பேலன்சிங்குக்கு 400, அதற்கான வெயிட்டுக்கு 180, நைட்ரஜனுக்கு 200 என்று டயர் விலைக்கு மேல் 2,580 ரூபாய் ஆனது. வீட்டுக்குத் திரும்பும்போதே ஒன்றைக் கவனித்தேன்: நேரான சாலையில் வண்டி நேராகத்தான் போகிறது, ஆனால் ஸ்டீயரிங் சற்று வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. வேலை தொடங்கும் முன் திரையைக் கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பியுள்ளேன். வேலை முடிந்தபின் அளவுகளின் அச்சுத்தாள் எதுவும் தரவில்லை. நான் ஏமாற்றப்பட்டேனா? டயர் மாற்றும்போதெல்லாம் அலைன்மென்ட் செய்யத்தான் வேண்டுமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் பில்லில் உள்ள ஐந்து வரிகளுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. பேலன்சிங்குக்கு வாங்கிய பணம் நியாயமானது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால்தான் குறை சொல்ல வேண்டும். அலைன்மென்ட்டை அளந்து பார்க்கச் சொன்னதிலும் தவறில்லை. ஆனால் அதைக் "கட்டாயம்" என்றதும், அதற்கு வாரண்டியைக் காரணம் காட்டியதும் மிகை. கேம்பருக்கு வாங்கிய 1,200 ரூபாய், நீங்கள் அனுப்பிய படத்தையும் உங்கள் வண்டியின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், தேவையில்லாத செலவு என்றே எனக்குப் படுகிறது. ஸ்டீயரிங் கோணலாக நிற்பது வண்டியில் முன்பே இருந்த கோளாறு அன்று. அன்றைக்கு அலைன்மென்ட் செய்த விதத்தால் வந்தது. அதை அந்தக் கடைக்காரரே கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

முதலில் அடிப்படை. டயரைக் கழற்றி மாட்டுவதால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், மாறுவதில்லை. சக்கரம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதை முடிவு செய்பவை ஸ்டீயரிங் ரேக்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராடின் நீளம், சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூணான ஸ்ட்ரட், இவற்றுக்கு இடையில் உள்ள ரப்பர் புஷ்கள், அசையும் மூட்டுகளான பால் ஜாயிண்ட்கள் ஆகியவை. டயர் மாற்றுபவர் வீல் நட்களைக் கழற்றிச் சக்கரத்தை எடுக்கிறார், ரிம்மிலிருந்து பழைய டயரை நீக்கிப் புதியதை ஏற்றுகிறார், பிறகு அதே ஹப்பில் சக்கரத்தை மாட்டிவிடுகிறார். மேலே சொன்ன பாகங்களில் ஒன்றையும் அவர் தொடுவதே இல்லை. ஜாக்கியில் தூக்கும்போது சஸ்பென்ஷன் தொங்குவது உண்மைதான். வண்டியை இறக்கிச் சில மீட்டர் உருட்டினால் அது தன் இடத்துக்கு வந்துவிடும். பஞ்சர் ஒட்டுவதற்கும் இதே சக்கரத்தைத்தான் கழற்றி மாட்டுகிறோம். அதற்குப்பின் அலைன்மென்ட் செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு சொன்னாலும், புது டயர் போடும் நாள் அலைன்மென்ட்டை அளந்து பார்ப்பதற்கு நல்ல நாள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். கோணத்தில் தவறு இருந்தால் அது முதல் கிலோமீட்டரிலிருந்தே புது ரப்பரைத் தின்னத் தொடங்கிவிடும். டயர் தேய்மானத்தில் பெரும்பங்கு டோ எனப்படும் கோணத்துக்கு உண்டு. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு முன்சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கி உட்பக்கம் குவிந்திருக்கின்றனவா, வெளிப்பக்கம் விரிந்திருக்கின்றனவா என்பதே டோ. இதை டிகிரியிலும் நிமிடத்திலும் அளப்பார்கள். 60 நிமிடம் ஒரு டிகிரி. ஒரு சக்கரம் உரிய நிலையிலிருந்து 10 நிமிடம், அதாவது ஒரு டிகிரியில் ஆறில் ஒரு பங்கு, விலகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 3 மீட்டர் பக்கவாட்டில் தரையோடு உரசிக்கொண்டே போகும். 10,000 கிலோமீட்டர் ஓடி முடிக்கும்போது ஏறத்தாழ 29 கிலோமீட்டர் தூரத்துக்கு டயரைக் குறுக்கே இழுத்துத் தேய்த்ததற்குச் சமம் அது. இருபதாயிரத்தை ஒட்டிச் செலவழித்து டயர் வாங்குகிறவர் சில நூறு ரூபாய் கொடுத்து இந்த ஒரு கோணத்தை அளந்து பார்த்துவிடுவது வீண் செலவு ஆகாது.

அளப்பது வேறு, திருத்துவது வேறு. அளந்த பிறகு எல்லாம் வரம்புக்குள் இருந்தால், "தொடத் தேவையில்லை" என்று சொல்லி அச்சுத்தாளைக் கொடுத்து அனுப்பும் கடைகளும் உண்டு. அத்தகைய கடை கிடைத்தால் விடாதீர்கள். ஒன்றும் திருத்தாமல் முழுக்கட்டணம் வாங்குகிறார்களே என்று சிலர் கோபப்படுவார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடில்லை. வண்டியை மேடையில் ஏற்றி, நான்கு சக்கரங்களிலும் கேமரா பார்க்கும் பலகைகளைப் பிடிப்பித்து, முன்னும் பின்னும் உருட்டிக் கேமராவுக்குக் கணக்குக் கொடுத்து, காற்றையும் சரிபார்ப்பதில்தான் பெரும்பாலான நேரம் போகிறது. டை ராடைத் திருகுவது ஐந்து நிமிட வேலை. எனவே அளப்பதற்குக் கூலி கேட்பது முறையே. திருத்தத் தேவையில்லாததைத் திருத்தியதாகக் காட்டிப் பணம் வாங்குவதுதான் முறையற்றது.

அளக்க வேண்டுமா என்று முடிவு செய்யப் பழைய டயர்களே நல்ல சாட்சி. நம்மில் பலர் அவற்றைத் திரும்பிக்கூடப் பாராமல் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம். கழற்றிக் கீழே போட்டதும் இரண்டு முன்டயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளங்கையை வெளி விளிம்பிலிருந்து உள் விளிம்பு நோக்கி ஒரு முறையும், எதிர்த்திசையில் ஒரு முறையும் ரப்பரின் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், மறுதிசையில் மீன் செதிலை எதிர்த்துத் தடவினாற்போல் விளிம்புகள் கையில் தட்டுப்பட்டும் இருந்தால் டோ தவறியிருக்கிறது. டயரின் மேற்பரப்பில் உள்ள பட்டன்களின் ஓரம் கூர்மையாக நீண்டிருப்பதை விரலே சொல்லிவிடும். கையில் எதுவும் தட்டுப்படாமல், ஒரு தோள், அதாவது டயரின் ஓரப்பகுதி, மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரு தோள்களும் தேய்ந்து நடுப்பகுதி நிமிர்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. அங்கங்கே குழிகுழியாக இருந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்சிங்கையோ பார்க்க வேண்டும். கடைசி மூன்றுக்கும் அலைன்மென்ட் இயந்திரத்தில் மருந்து கிடையாது.

உங்கள் டயர்கள் 48,000 கிலோமீட்டர் ஒரே சீராகத் தேய்ந்தன என்கிறீர்கள். இது வலுவான ஆதாரம்தான், ஆனால் ஒரு நிபந்தனையோடு. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்டயரைப் பின்னுக்கும் பின்டயரை முன்னுக்கும் மாற்றிப் போடும் வழக்கம் உங்களுக்கு இருந்திருந்தால், ஒரு மூலையில் இருக்கும் கோளாறு நான்கு டயர்களுக்கும் பங்கிடப்பட்டு வெளியே தெரியாமல் போயிருக்கலாம். கடிதத்தில் அதைப் பற்றிக் குறிப்பு இல்லை. அப்படி மாற்றாமலேயே நான்கும் சீராகத் தேய்ந்திருந்தால், டயரைக் கெடுக்கும் அளவுக்குக் கோணம் எதுவும் தவறியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். இதை எடுத்து வைத்தது நல்லதாயிற்று, ஏனென்றால் நடந்தது முழுவதும் அந்த ஒரு படத்தில் இருக்கிறது. முன்பக்க அளவுகளில் இடச் சக்கரத்தின் டோ +0°22′, வலச் சக்கரத்தின் டோ −0°18′, இரண்டும் சிவப்பு. அவற்றுக்குக் கீழே மொத்த டோ என்ற வரியில் +0°04′, அது பச்சை. கடையில் சிவப்பு இரண்டையும்தான் உங்களுக்குச் சுட்டிக் காட்டியிருப்பார்கள். நீங்கள் பார்த்திருக்க வேண்டியது மூன்றாவது வரியை.

கூட்டல் குறி சக்கரம் உட்பக்கம் திரும்பியிருப்பதையும் கழித்தல் குறி வெளிப்பக்கம் திரும்பியிருப்பதையும் காட்டும். இடச் சக்கரம் உட்பக்கம் திரும்பினால் அது வலத்தை நோக்கும். வலச் சக்கரம் வெளிப்பக்கம் திரும்பினாலும் அது வலத்தைத்தான் நோக்கும். ஆக இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவு வலப்பக்கம் திரும்பி நிற்கின்றன. இது அலைன்மென்ட் தவறியதற்கு அடையாளம் அன்று. அளக்கும் நேரத்தில் ஸ்டீயரிங் நேராக இல்லாமல் சற்றே வலப்பக்கம் திரும்பியிருந்தது என்பதற்கு அடையாளம். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் ஒரு பக்கத்து டோ எவ்வளவு கூடுகிறதோ, மறுபக்கத்து டோ கிட்டத்தட்ட அவ்வளவு குறையும்; மொத்தம் மாறாது. டயரைத் தின்பது மொத்த டோவில் வரும் பிழை. நீங்கள் வண்டியை ஓட்டத் தொடங்கியதும் இரு முன்சக்கரங்களும் மொத்தத்தைத் தமக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். அந்த மொத்தம் உங்கள் வண்டியில் கடைக்குள் நுழையும்போதே பச்சையில்தான் இருந்தது.

அப்படியானால் ஸ்டீயரிங் ஏன் இப்போது கோணலாக நிற்கிறது? வேலை செய்தவர் ஸ்டீயரிங்கை நேராக்கி, அசையாமல் பூட்டிவிட்டு அளந்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், திரும்பிய நிலையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு சிவப்புக் கட்டங்களும் பச்சையாகும் வரை இரு பக்க டை ராடுகளையும் திருகியிருக்கிறார் என்றே ஊகிக்கிறேன். விளைவாக, இப்போது சக்கரங்கள் நேராக இருக்க வேண்டுமென்றால் ஸ்டீயரிங் வலப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். கணக்கும் ஒத்துவருகிறது. சாதாரணக் கார்களில் ஸ்டீயரிங் ஏறத்தாழ 15 டிகிரி திரும்பினால் சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். சக்கரங்களில் 20 நிமிடம் என்றால் ஸ்டீயரிங்கில் 5 டிகிரி; கண்ணுக்குத் தெரியும், ஓட்டுகிறவருக்கு உறுத்தும், ஆனால் வண்டி இழுக்காது. நீங்கள் எழுதியிருப்பதும் அதையேதான். இதைத் திட்டமிட்ட மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் இது அவசரம். பின்னால் இரண்டு வண்டிகள் காத்திருக்கும்போது நடப்பது. எப்படியானாலும், நேராக இருந்த ஸ்டீயரிங்கைக் கோணலாக்கியதற்கு 600 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள்.

இதே படத்தில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மேல் மூலையில் வண்டியின் பெயரும் தயாரிப்பு ஆண்டும் இருக்கும். இயந்திரம் எந்த அளவைப் பச்சை என்றும் எதைச் சிவப்பு என்றும் சொல்வது, அதில் எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே பெயரில் இரண்டு மூன்று தலைமுறை வண்டிகள் வந்திருக்கும்போது, தவறான தலைமுறையைத் தேர்ந்தெடுத்தால் சரியான கோணமும் சிவப்பில் விழக்கூடும். உங்கள் படத்தில் அந்தப் பகுதி மங்கலாக இருக்கிறது. மறுபடி போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேம்பர் விஷயத்தில்தான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் மேற்பகுதி உட்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். ஸ்விஃப்ட் போன்ற சிறிய கார்களில் முன்பக்கம் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட், பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்ற எளிய அமைப்பு இருக்கிறது. இந்த அமைப்பில் தொழிற்சாலை திருத்தக் கொடுத்திருப்பது முன்பக்க டோ ஒன்றை மட்டுமே. கேம்பரையும், சக்கரம் திரும்பும் அச்சுக்கோட்டின் முன்பின் சாய்வான கேஸ்டரையும் திருத்தத் தனி ஏற்பாடு கிடையாது. அவை வரம்பை மீறினால் வளைந்த அல்லது தேய்ந்த பாகத்தைக் கண்டுபிடித்து மாற்ற வேண்டும் என்பதே முறை. பின்பக்கத்தில் டோவையும் கேம்பரையும் இயந்திரம் அளந்து காட்டும், அவ்வளவுதான். அதைத் திருத்தியதாக யாராவது தனிக் கட்டணம் கேட்டால், எந்த நட்டைத் திருகினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் ஒரு சிறு இடைவெளி உண்டு. முன் ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்களைத் தளர்த்தினால், துளையில் உள்ள இடம் அளவுக்குச் சக்கரத்தின் மேற்பகுதியை உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ சிறிதளவு சாய்வை மாற்றலாம். அனுபவமுள்ளவர்கள் இப்படிச் செய்வது உண்டு. அளவோடு செய்தால் கெடுதல் இல்லை. ஆனால் சில பட்டறைகளில் ஹைட்ராலிக் கருவியைக் கொடுத்துப் பாகத்தையே வளைத்துத் திரையில் பச்சை வரவைக்கிறார்கள். எண் சரியாகிவிடும், வளைந்த உலோகம் தன் வலுவை எவ்வளவு இழந்தது என்பதைத் திரை காட்டாது. இந்த இரண்டில் எது நடந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

உங்கள் படத்தில் இடப்பக்கக் கேம்பர் −0°35′ சிவப்பில் இருக்கிறது, வலப்பக்கம் −0°20′ பச்சையில் இருக்கிறது. பச்சையில் இருந்த பக்கத்துக்கும் சேர்த்து எதற்காக 1,200 ரூபாய் வாங்கினார்கள் என்பதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை. இரண்டு பக்கங்களுக்கும் வித்தியாசம் கால் டிகிரிதான், வண்டி இழுக்கவில்லை, பழைய டயரில் ஒரு தோள் மட்டும் தேயவுமில்லை. நான் அங்கே இருந்திருந்தால் இடப்பக்கத்தை இன்னொரு முறை அளக்கச் சொல்லியிருப்பேன். பலகையைப் பிடிக்கும் கவ்வி ரிம்மில் சரியாக உட்காராவிட்டால்கூட அளவு மாறிப்போகும். கழற்றி மாட்டி மறுபடி அளந்தால் ஓரிரு நிமிட வித்தியாசத்துக்குள் அதே எண் வர வேண்டும். வேலையின் வரிசையும் முக்கியம்: கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால், கேம்பரை முதலில் முடித்து டோவைக் கடைசியாக வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் அச்சு தராததால் எந்த வரிசையில் செய்தார்கள் என்பது தெரியவில்லை. புது டயர்களை நினைத்தால், ஸ்டீயரிங் கோணலைவிட இதுதான் அவசரமாகப் பார்க்க வேண்டியது. இப்போதைய மொத்த டோ என்ன என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பேலன்சிங்கைப் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். டயரும் ரிம்மும் சேர்ந்த பிறகு எடை எந்த இடத்தில் கூடுதலாக இருக்கிறது என்பது ஒவ்வொரு டயருக்கும் மாறும். எனவே டயரை ரிம்மில் ஏற்றும் ஒவ்வொரு முறையும், சிறு வெயிட்களை ஒட்டி அதைச் சமன் செய்யும் பேலன்சிங் செய்தாக வேண்டும். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடினால் காரணம் பெரும்பாலும் இதுதான், அலைன்மென்ட் அன்று. வெயிட்டுக்குத் தனியாகக் கிராம் கணக்கில் பணம் வாங்குவது பரவலான வழக்கம். ரிம்மில் ஒட்டியிருக்கும் பழைய வெயிட்களை எடுத்துவிட்டுத்தான் புதிதாகக் கணக்கெடுக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சிலர் பழையதை விட்டுவிட்டு அதற்கு எதிரே புதிதாக ஒட்டுவார்கள், கிராம் ஏறும். ஒரே சக்கரத்தில் வெயிட் வரிசையாக நீண்டுகொண்டே போனால், டயரை ரிம்மிலேயே அரைச்சுற்றுத் திருப்பி உட்காரவைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். நைட்ரஜன் உங்கள் விருப்பம். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை காற்றைச் சரிபார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு அந்த 200 ரூபாயால் பெரிய பயன் எதுவும் இல்லை.

வாரண்டியைக் காட்டி அச்சுறுத்தியது நேர்மையன்று, முழுப்பொய்யும் அன்று. டயர் நிறுவனங்கள் தரும் வாரண்டி, தயாரிப்புக் குறைபாட்டுக்கானது. அலைன்மென்ட் தவறியதால் ஒரு பக்கம் தேய்ந்தால் அதற்கு ஈடு கேட்க முடியாது. அது அட்டையிலேயே அச்சிட்டிருக்கும். இதைத் திருப்பிப் போட்டு, அன்றைக்கு அதே கடையில் அலைன்மென்ட் செய்யாவிட்டால் வாரண்டியே போய்விடும் என்று சொல்வதுதான் வியாபாரம். அட்டையை வாங்கி, அத்தகைய நிபந்தனை எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடும்.

கடைக்காரர் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். டயர் விலையை இன்று வாடிக்கையாளர்கள் கைப்பேசியில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே வருகிறார்கள். டயரில் கிடைக்கும் லாபம் ஒடுங்கிவிட்டது. அலைன்மென்ட் இயந்திரத்துக்குப் பல லட்சம் ரூபாய் போட்டிருக்கிறார்கள். அது சும்மா நின்றால் தவணை கட்ட முடியாது. டயருக்கு வந்த வண்டியெல்லாம் மேடையில் ஏற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்துதான் வருகிறது. நம் சாலைகளில் அளந்து பார்த்தால் டோ தவறியிருக்கும் வண்டிகள் உண்மையிலேயே நிறைய என்பதும் அவர்களுக்குச் சாதகமான உண்மை. மழைக்காலம் முடிந்ததும் பள்ளத்தில் விழுந்த வண்டிகள் எப்படி வரும் என்பது பட்டறை வைத்திருக்கும் எவருக்கும் தெரியும். ஆகவே "அளந்து பார்ப்போம் சார்" என்ற சொல்லை நான் குறை சொல்ல மாட்டேன். அளப்பதற்கு முன்பே "போயிடுச்சு" என்று முடிவு சொல்வதைத்தான் குறை சொல்கிறேன்.

அலைன்மென்ட்டைத் தள்ளிப்போடவே கூடாத நேரங்கள் உண்டு. டை ராட், ரேக், லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் இவற்றில் எதையாவது கழற்றி மாற்றியபின். சக்கரம் பெரிய பள்ளத்திலோ நடைபாதையின் விளிம்பிலோ பலமாக மோதியபின். ஸ்டீயரிங் தன் நேர்நிலையை விட்டு நகர்ந்ததாகத் தெரிந்தவுடன். பழைய டயரில் மேலே சொன்ன அடையாளம் கையில் தட்டுப்பட்டவுடன். ஆனால் புஷ்ஷும் பால் ஜாயிண்ட்டும் ஆட்டம் கொடுக்கும் வண்டியில் அலைன்மென்ட் செய்வது காசைக் கரைப்பது. இன்று வைத்த கோணம் அடுத்த வேகத்தடையில் நகர்ந்துவிடும். ஆட்டத்தைச் சக்கரத்தைப் பிடித்து அசைத்தே பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் நேராகத் திரைக்குப் போகும் கடையை நான் நம்புவதில்லை.

வண்டி ஒரு பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட் என்று முடிவு கட்டுவதும் சரியன்று. மழைநீர் வடிவதற்காக நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும்; இடப்பக்கம் ஓட்டுகிற நமக்கு, ஸ்டீயரிங்கைப் பிடிக்காமல் விட்டால் வண்டி மெல்ல இடப்பக்கம் நகர்வது இயல்பு. அதற்கு மேல் இழுத்தால் முதலில் காற்றைப் பாருங்கள். பிறகு முன்டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டுப் பாருங்கள், சுழலும் திசையைக் குறிக்கும் அம்பு உள்ள டயர்களாக இல்லாவிட்டால். இழுப்பு மறுபக்கத்துக்கு மாறினால் குறை டயரில் இருக்கிறது. புது டயராக இருந்தாலும் அப்படி அமைவது உண்டு, அப்போது மாற்றிக் கேட்கலாம். சிறிது தூரம் ஓட்டிவிட்டு இறங்கியதும் ஒரு ரிம் மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. பில்லையும் அந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைவான காலை நேரத்தில் அதே கடைக்குப் போங்கள். ஸ்டீயரிங் நேராக இல்லை என்பதைச் சொல்லி, அவர்களையே ஒரு முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்த்தவர் மறுக்க மாட்டார். ஸ்டீயரிங்கை நேராக்கிப் பூட்டியபின் அளக்க வேண்டும் என்றும், மொத்த டோ சரியாக இருந்தால் ஒரு பக்க டை ராடை நீட்டி மறுபக்கத்தை அதே அளவு குறைத்தால் போதும் என்றும் சொல்லுங்கள். ஸ்டீயரிங் வீலையே கழற்றி நேராக மாட்டித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதற்குள் ஏர்பேக் இருக்கிறது. மேலும் ரேக்கின் நடுநிலை ஓரிடமும் ஸ்டீயரிங்கின் நடுநிலை வேறிடமுமாகி, ஒரு பக்கம் முழுத் திருப்பம் குறைந்துபோகும். திருத்துவதற்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகள் இரண்டும், வண்டி எண்ணோடும் ஓடிய கிலோமீட்டரோடும் சேர்ந்து ஒரே தாளில் அச்சாக வேண்டும். அதை டயர் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.

போவதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுமையாகத் திருப்பிவிட்டு, கைவிளக்கோடு சக்கர வளைவுக்குள் குனிந்து பாருங்கள். டை ராடின் முனையில் லாக் நட் இருக்கும். ஆண்டுக்கணக்கில் தொடாத நட்டைச் சுற்றி மண்ணும் துருவும் ஒரே படலமாக இறுகியிருக்கும். அண்மையில் திருகியிருந்தால் அந்தப் படலம் உடைந்து, ஸ்பேனர் பிடித்த இடம் பளிச்சென்றும், பக்கத்து மரையில் இரண்டொரு வரி புதிதாகவும் தெரியும். அதே வெளிச்சத்தில் ஸ்ட்ரட்டின் அடியில் பக்கத்துக்கு இரண்டாக உள்ள பெரிய போல்ட்களையும் பாருங்கள். அவற்றில் ஸ்பேனர் தடமே இல்லையென்றால், கேம்பரைத் திருத்தியதாகச் சொன்னது பொய்யாக இருக்கலாம், அல்லது கருவி கொடுத்து எதையோ வளைத்திருக்கலாம். இரண்டில் எதுவாயினும் 1,200 ரூபாயைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. படம் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்யலாம். தடம் இருந்தால், கடைக்குப் போனதும் முதல் வேலையாக அந்த நான்கு போல்ட்களையும் டார்க் ரெஞ்ச் வைத்து உரிய இறுக்கத்துக்குச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட்டை அளப்பது அதற்குப் பிறகுதான். இறுகாத போல்ட்டோடு வைத்த கோணம் நிற்காது.